பென்சில் எடுக்கப் போன வண்டி

செல்லியம்மாள் பைனான்ஸிலிருந்து வாட்ஸ்அப்பில் வண்டி நம்பர் வந்தபோது வேலுமணி இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போடாமல் பேப்பரில் தலைப்புச் செய்தியைக்கூடப் படிக்க முடியாதவர், அந்த நான்கு இலக்கத்தை மட்டும் கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டார். நாற்பத்தொன்று அறுபத்துமூன்று. தோய்த்த இட்லி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது. ரோட்டில் தூரத்தில் பார்த்தாலே சந்துக்குள் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு பதினோரு வருடம் தப்பித்துவந்த வண்டி, இப்போது அவரைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

"இன்னைக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாள் பாவாயி.

திருச்செங்கோடு ரோட்டில் ஒரு பத்துச் சக்கர வண்டி என்று மட்டும் சொன்னார். நம்பரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனைவியும் முந்தானையை உதறிக்கொண்டு கூடவே கிளம்பியிருப்பாள்.

அறுபத்திரண்டு வயதில் வேலுமணிக்கு இருந்த பிழைப்பு இதுதான். பழைய லாரி வாங்கக் கடன் கேட்டு யாராவது வந்தால், போய் அந்த வண்டியைப் பார்த்து, இது இவ்வளவு பெறும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் குத்தியிருக்கும் நம்பரை டீசல் துணியால் துடைத்து, மேலே மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் நம்பர் வெள்ளையாக எழுந்து வரும். அதற்குப் பெயர் பென்சில் எடுப்பது. செல்போனில் படம் பிடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. படத்தில் நம்பரை எவன் வேண்டுமானாலும் மாற்றலாம், இரும்பிலிருந்து தாளில் ஏறிய நம்பரை மாற்ற முடியாது என்பது செல்லியம்மாளின் கட்சி. பெரிய கம்பெனிக்காரர்கள் பத்து வருடம் தாண்டிய வண்டி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். செல்லியம்மாள் மட்டும் மாடல் போன வண்டிக்கும் நம்பிக் கொடுப்பார். எழுபது வயதிலும் தினமும் காலை பத்து மணிக்கு முதல் ஆளாக வந்து உட்காரும் அந்த அம்மாள் நம்பியது கம்ப்யூட்டரை அல்ல, வேலுமணியின் பென்சிலை. வேலுமணி பென்சில் எடுத்த வண்டி என்றால் நாமக்கல்லில் மறுபேச்சு கிடையாது.

முறையாகப் பார்த்தால், அது ஒரு காலத்தில் என் வண்டி, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவர் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று அந்த அம்மாள் கேட்டால் என்ன சொல்வது? அது ஒரு பயம். பயத்தை விடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் வண்டி நின்றது. நெற்றியில் தன் மகள் பெயரை, கிருத்திகா என்று, மஞ்சளில் எழுதியிருந்த இடத்தில் இப்போது வேறு யாருடைய குழந்தையோ பெயர். அதற்கு மேலும் ஒரு தடவை பெயிண்ட் அடித்து, அதுவும் உரிந்து, அடியில் மஞ்சள் லேசாகத் தெரிந்தது. வண்டி பக்கத்தில் ஒரு இளம் புருஷனும் மனைவியும் நின்றிருந்தார்கள். மதியழகனுக்கு ஊர் இளம்பிள்ளை. அப்பா அம்மா தறி நெய்கிறவர்கள். இவன் மட்டும் தறிக்குழிக்குள் இறங்க மாட்டேன் என்று பத்தொன்பது வயதில் லாரியில் ஏறியவன். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியாயிற்று. யாழினி ஒரு முட்டை குடோனில் தட்டு அடுக்குகிறாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. சங்கிலி எங்கே போயிருக்கும் என்று வேலுமணி கேட்க வேண்டிய அவசியமில்லை. அட்வான்ஸாகத்தான் போயிருக்கும்.

மதியழகன் விவரத்தைச் சொன்னான். ஏழரை லட்சம் விலை. ஐந்து லட்சம் கடன் வேண்டும். சொந்த வண்டி வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்றே பழைய ஓனர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார். நல்ல டிரைவர் ஓனராவதை எந்த ஓனர்தான் சிரித்த முகத்தோடு பார்ப்பார்? வெள்ளிக்கிழமையோடு இந்த வண்டியின் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிகிறது. அதற்குள் கைமாறவில்லை என்றால், எடைக்கு எடுத்து உடைக்கிறவன் ஒருவன் பணத்தோடு காத்திருக்கிறான்.

"இதை உட்டா எங்களுக்கு எட்டற வெலையில வேற வண்டி இல்லீங்கய்யா," என்றான்.

அப்போது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி.

வேலுமணி முன் சக்கரத்துக்கு மேலே கையை விட்டார். வழக்கமாக நம்பர் எங்கே என்று டார்ச் அடித்துத் தேடுவார். இன்று விரல் தானாகப் போய் நின்றது. துடைத்து, தாளை வைத்துத் தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது. கடைசி எழுத்து வருவதற்குள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. டீசல் வாடை என்று சொல்லித் தோளில் துடைத்துக்கொண்டார்.

கேபினைப் பார்க்க வேண்டும் என்று ஏறினார். பார்க்க வேண்டியது ஒன்றுதான். முன் கண்ணாடிக்கு மேலே, வலது மூலையில், கைக்கு அடக்கமாக ஒரு மரப்பெட்டி. இருந்தது. மரத்தாழ்ப்பாள்கூட இருந்தது. கையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாயிரத்து எட்டில் இந்த வண்டி வெறும் சேஸாக வந்து பட்டறையில் நின்றது. பாடி கட்ட நாற்பது நாள். நாற்பது நாளும் வேலுமணி பட்டறையில்தான் குடியிருந்தார். தச்சருக்கு டீ வாங்கிக் கொடுப்பார், பெயிண்டருக்கு விசிறிவிடாத குறைதான். ஒரு நாள் சோறு கொண்டுவந்த பாவாயி கேபினை அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்த மூலையில் எனக்கு ஒரு பெட்டி வேண்டும் என்றாள். கேபின் என்ன அடுப்படியா என்று தச்சர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பெட்டி அடித்து முடிக்கும்வரை சோற்றுப் போசியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அந்தப் பெட்டியில் அவள் சாமான் ஏறியது ஒரே ஒரு தடவைதான். சீப்பு, குங்குமம், ஒரு உருண்டை புளி, எலுமிச்சை ஊறுகாய். கிருத்திகாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் நாசிக்குக்கு வெங்காய லோடு ஏற்றப் போனார்கள். போக வர ஒன்பது நாள். சோலாப்பூர் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் பம்ப் ஸ்டவ்வில் அவள் ரசம் வைத்தாள். பக்கத்து வண்டிக்காரர்கள், பஞ்சாபிகள், டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அவள் சிரித்த சிரிப்பில் ஸ்டவ் அணைந்துபோயிற்று. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு மாதம், நாசிக்கில் வெங்காயம் கரடு கரடாகக் குவிந்து கிடக்கிறது என்று தெருவில் பார்த்தவரையெல்லாம் நிறுத்திச் சொன்னாள். இருவரும் சேர்ந்து பார்த்த வெளியூர் அது ஒன்றுதான். தன் ஆயுசிலேயே நல்ல நாட்கள் அந்த ஒன்பதுதான் என்று வேலுமணி யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

"அய்யா, கீழயும் பாத்தர்றீங்களா?" என்று யாழினி கேட்டாள்.

கீழேதான் விவகாரம்.

இரண்டாயிரத்துப் பதினாலு, ஆனி மாதம். தொப்பூர் இறக்கத்தில் குறுக்கே வந்த ஒரு வேனுக்காக வண்டியை ஒடித்தார். பின்பக்கம் பள்ளத்தில் இறங்கி, பின் அச்சுக்கு முன்னால் சேஸ் விரிசல் விட்டுவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் முடிந்து பதினோரு நாள். கிருத்திகாவுக்குக் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்திருந்த நேரம். இன்சூரன்ஸுக்கு வைத்திருந்த பணம்தான் அங்கே முதல் தவணையாகப் போயிருந்தது. வண்டியை விற்றால்தான் மீதியைக் கட்ட முடியும். விரிசல் விட்ட வண்டியை யார் வாங்குவார்கள்? யாரோ ஒரு வெல்டிங்காரனை வைத்து மேலோட்டமாக ஒரு ஒட்டுப் போட்டார். கறுப்புப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் புதிதாகப் பளபளத்தது. அதனால் மேலே கிரீஸைத் தடவி, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளித் தூவினார். பத்து நிமிட வேலை. பத்து வருடப் பழசு போல ஆகிவிட்டது. மோகனூர் ரோட்டுச் சிவக்குமாருக்கு ஆடி மாதம் அதை முழு விலைக்கு விற்றார். விரிசலைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஒரே மாதத்தில் சிவக்குமார் வீடு தேடி வந்தார். வேலுமணி அன்று மகளை ஹாஸ்டலில் விடப் போயிருந்தார். திரும்பி வந்ததும் பாவாயி, சிவக்குமார் தம்பி வந்தாரு, தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாரு என்றாள். அவ்வளவுதான். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவார் என்று வேலுமணி ஒரு மாதம் காத்திருந்தார், ஒரு வருடம் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த மனிதரின் முகத்தில் முழிக்கவில்லை. சிவக்குமார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தபோதுகூட முதுகுவலி என்று படுத்துக்கொண்டார்.

இப்போது வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நகர்ந்தார். தன்னுடைய அந்தக் கள்ள ஒட்டை எதிர்பார்த்து டார்ச்சை அடித்தார். அது அங்கே இல்லை. அந்த இடத்தில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கனமான லைனர் பிளேட் போட்டு, வரிசையாகப் போல்ட் முடுக்கி, யாரோ கைதேர்ந்த ஆள் செய்த வேலை இருந்தது. நேற்றுச் செய்ததும் அல்ல. போல்ட் தலையெல்லாம் துருவேறி இரும்போடு இரும்பாகிக் கிடந்தது.

வெளியே வந்து, இதைப் பற்றி வண்டிக்காரர் சொன்னாரா என்று கேட்டார்.

"மொதல்லயே சொல்லிப்போட்டாருங்க," என்றான் மதியழகன். "சேஸ்ல ஒட்டு இருக்குது, என்ற கையிலதான் விரிசல் உட்டுது, பாத்து வாங்கிக்கோன்னாரு. அதுக்குன்னே எம்பதாயிரம் கொறைச்சாரு."

என்ற கையிலதான். பதினோரு வருடமாக வண்டியை வைத்திருக்கும் சிவக்குமார், விரிசல் தன் கையில் விட்டது என்று சொல்லியிருக்கிறார். மதியழகன் சொல்லிக்கொண்டே போனான். அந்த ஒட்டுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறதாம். ஒட்டுப் போட்டு மூன்று வருடமாவது லோடு சுமந்த சேஸாக இருந்தால்தான் செல்லியம்மாள் கடன் கொடுப்பார். அதற்குப் பட்டறை பில் வேண்டும். எப்போது போட்ட ஒட்டு என்று கேட்டால், இடையில எப்பவோ என்கிறார் சிவக்குமார். பில் எங்கே என்றால் தொலைந்துவிட்டது என்கிறார். வேலுமணி ஐயாவின் வாய்க்காகத்தான் காத்திருக்கிறோம் என்று இருவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

நாளை சொல்கிறேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார். துருவைப் பார்த்துப் பழைய ஒட்டு என்று எழுதிவிடலாமே என்று வழியெல்லாம் மனம் ஆசை காட்டியது. செல்லியம்மாளிடம் அது செல்லாது. துருவுக்குத் தேதி கிடையாது, பில்லுக்குத்தான் தேதி உண்டு என்பார்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், உண்ணவில்லை. என்ன என்று பாவாயி இரண்டாவது தடவை கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நம்பர், தொப்பூர், வெல்டிங், அந்தக் கைப்பிடி மண். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் அவளிடம் மறைத்தது அது ஒன்றுதான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்:

"பொட்டி இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றார். தாழ்ப்பாள்? அதுவும் இருக்கிறது.

"அப்ப சிவக்குமார் தம்பி அதைப் பதனமா வெச்சிருக்குது," என்றாள். "போயி மூஞ்சியக் குடுத்துப் பேசிப்போட்டு வாங்க. நீங்க போகாட்டி நான் போறேன்."

மோகனூர் ரோட்டில் சிவக்குமார் கோழித்தீவன மூட்டைகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தார். வேலுமணியைவிட ஐந்து வயது இளையவர். ஸ்கூட்டரைப் பார்த்ததும் மூட்டைக்காரர்களைக் கையமர்த்திவிட்டு, நேற்றுத்தான் பிரிந்தவர் போல "வாங்கண்ணா" என்றார். வேலுமணி வழியில் ஒத்திகை பார்த்த வார்த்தைகளெல்லாம் மறந்துபோயின. தப்புப் பண்ணிட்டேன் சிவக்குமாரு என்று மட்டும் வந்தது.

சிவக்குமார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முதல் லோடுக்கு முன்னால் சேஸை மண்ணெண்ணெயில் கழுவச் சொன்னாராம். மண்ணும் கிரீஸும் வழிந்து போக, ஒட்டு பல்லைக் காட்டியதாம். ரத்தம் கொதிக்க பைக்கை முறுக்கிக்கொண்டு வேலுமணி வீட்டுக்கு வந்தாராம்.

"அக்கா மட்டும்தான் இருந்தாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, தம்பி, அந்தப் பொட்டித் தாப்பா மழைக்கு ஊதிக்கும், கொஞ்சம் மேல தூக்கித் தள்ளுனா மூடிக்கும், பேத்துப் போட்டராதீங்கன்னாங்க. வண்டி நின்ன எடத்துல ஆயில் கறை இருந்துது பாருங்க, அதைக்கூடக் கழுவாம, சுத்தியும் வாசல் தெளிச்சு வெச்சிருந்தாங்க. அந்தக் கறையப் பாத்துக்கிட்டே அழுதாங்க. நான் அவங்ககிட்ட என்னத்தண்ணா கேக்கறது?"

தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். நாற்பதாயிரம் செலவழித்துச் சேஸைச் சரி பண்ணினார். அடுத்த வருடம் வேலுமணி பென்சில் எடுக்கும் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டார். விரிசல் விட்டது வேலுமணி என்று சொன்னால் அந்தப் பிழைப்பும் போகும். ஒரு வண்டிக்காக ஒரு ஆளைக் கவிழ்க்க அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு உள்ளே போய், ஆர்.சி. புக் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். அதற்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை உருவினார். பட்டறை பில். இரண்டாயிரத்துப் பதினாலு, ஆகஸ்டு மாதம். வண்டி சிவக்குமார் பெயருக்கு மாறி இருபத்தாறே நாள். இந்தத் தேதியைப் பார்க்கிற எவனும் விரிசல் யார் கையில் விட்டது என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவான். அதனால்தான் பில் தொலைந்துபோயிருக்கிறது.

"அந்தப் பையனுக்குக் கடன் கெடைக்காம போயிருமோன்னு எனக்கும் ரெண்டு நாளா தூக்கமில்லீங்கண்ணா. குடுக்கறதும் கிழிக்கறதும் இனி உங்க இஷ்டம்."

வேலுமணி தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். அவருடைய பென்சிலும் அதே பையில்தான் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் செல்லியம்மாளின் மேஜைக்கு முன்னால் நின்றார். மதியழகனும் யாழினியும் சுவரோரம் நின்றார்கள். வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். பாவாயி கணவனின் ஸ்கூட்டரில் பின்னால் தொற்றிக்கொண்டு வந்து, உள்ளே வராமல் வண்டிப் பக்கமே நின்றுகொண்டாள்.

பென்சில் எடுத்த தாளையும் பில்லையும் வேலுமணி சேர்த்து நீட்டினார். செல்லியம்மாள் பில்லைப் பார்த்தார். ஆர்.சி. புக்கைத் திருப்பிப் பெயர் மாறிய தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலுமணியைப் பார்த்தார். யார் கையில் விரிசல் விட்டது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததால் வேலுமணியே சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னார். யாழினியும் மதியழகனும் கேட்கும்படி, மண் தூவியது வரைக்கும் சொன்னார். சிவக்குமார் பொய் சொன்னது தனக்காக என்பதையும் சொன்னார்.

"இதுவரைக்கும் எனக்கு எத்தனை வண்டிக்குப் பென்சில் எடுத்திருப்பே?" என்றார் செல்லியம்மாள்.

"ரெண்டாயிரம் இருக்குமுங்கக்கா."

"மண்ணும் கிரீஸும் தடவி மறைச்ச ஒட்டு எத்தனையக் கண்டுபுடிச்சுக் குடுத்திருக்கறே?"

"இருந்ததை எல்லாமுங்க."

"அதெப்படி உனக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னு நானும் யோசிச்சிருக்கறேன்," என்றார் அந்த அம்மாள். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வேலுமணி தலையைக் குனிந்துகொண்டார். அவமானத்தில் காது மடல் எரிந்தது. ஆனால் நெஞ்சுக்குள் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டதும் உண்மை.

செல்லியம்மாள் தொழிலுக்கு வந்தார். பதினோரு வருடம் லோடு சுமந்த ஒட்டு, பில் இருக்கிறது, கடன் கொடுக்கலாம். ஆனால் ஒட்டுப் போட்ட சேஸ் என்று தாளில் ஏறிவிட்டால் ஜாமீன் இல்லாமல் கொடுப்பதில்லை. நாமக்கல்லில் சொந்த வீடு இருக்கிற ஒருத்தர் கையெழுத்து வேண்டும். மதியழகன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். இளம்பிள்ளையில் இருப்பது வாடகைத் தறிக்கூடம். பழைய ஓனரிடம் கேட்டால் வாசலிலேயே சிரித்து அனுப்பிவிடுவார்.

"நான் போடறேனுங்க," என்றார் வேலுமணி.

"மதிப்புப் போடறவன் ஜாமீன் போடக் கூடாது. இது என்ற வீட்டுக்காரர் காலத்துச் சட்டம். பென்சிலும் ஜாமீனும் ஒரே கையில இருந்தா இந்தக் கடை நிக்காது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பாதி தேய்ந்த பென்சில், ஒரு பக்கம் மட்டும் சரிந்த கூர். அதை மேஜைமேல் வைத்துத் தள்ளினார். செல்லியம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று வேலுமணியின் மனம் ஒரு மூலையில் எதிர்பார்க்காமல் இல்லை. அவர் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார். அதே டிராயரிலிருந்து ஜாமீன் பாரத்தை எடுத்து நீட்டினார்.

"அய்யா, எங்களை உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது," என்றாள் யாழினி. "டியூ தவறுனா உங்க ஊட்டுக்குத்தானே வருவாங்க."

"தவறாதும்மா," என்றார். அதை எந்தத் தைரியத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பையன் நேற்றுப் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வண்டியின் மட்கார்டில் ஒரு கை வைத்தபடியே நின்றது ஞாபகத்துக்கு வந்தது. அவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றார்.

ஜன்னல் வழியே வண்டி தெரிந்தது. பாவாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அறுபதை நெருங்குகிற வயதில், கேபினுக்குள் ஏறிவிட்டிருந்தாள். பெட்டியின் தாழ்ப்பாளை விலக்கினாள். திறந்தாள். உள்ளே பார்த்தாள். தாழ்ப்பாளைக் கொஞ்சம் மேலே தூக்கித் தள்ளி மூடினாள். மறுபடி திறந்தாள்.

வேலுமணி பாரத்தை நிரப்பினார். பெயர், தகப்பனார் பெயர், வீட்டுக் கதவு எண். ஐந்தாவது கேள்வி, கடன் வாங்குபவரை எவ்வளவு காலமாகத் தெரியும்? எல்லோரும் அங்கே பத்து வருடம், பதினைந்து வருடம் என்று வாய்க்கு வந்ததை எழுதுவார்கள். யாரும் போய் விசாரிக்கப்போவதில்லை. அவர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். இன்றைக்கு ஒரு பொய்யும் எழுதத் தோன்றவில்லை. இரண்டு நாள் என்று எழுதினார்.

எழுதியது போதவில்லை என்று பட்டது. அதற்குக் கீழே இருந்த சின்ன இடத்தில், எழுத்தைக் குறுக்கி, இன்னொரு வரியும் சேர்த்தார்: வண்டியைப் பதினேழு வருடமாகத் தெரியும்.

செல்லியம்மாள் பாரத்தை வாங்கிப் படித்தார். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். பாரத்தில் கேட்காததை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சிவப்பு மை பேனாவால் அடித்துவிட்டுப் புதுப் பாரம் கொடுப்பதுதான் வழக்கம். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். அடிக்காமல், அந்த வரிக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.